பித்தான் வைத்த பேனாக்கத்தி

எந்தப் பொருளைக் கையில் கொடுத்தாலும் அக்கா முதலில் அதைத் திருப்பித்தான் பார்ப்பாள். புதுச் சேலை என்றால் கரையின் பின்பக்கம். குத்துவிளக்கு என்றால் அடிப்பாகம். என் மகள் பிறந்து தொட்டிலில் கிடந்தபோது எட்டிப் பார்க்க வந்தவள், பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தொட்டில் கயிறு உத்தரத்தில் உரசுகிற இடத்தைப் பார்த்தாள். பார்த்து முடித்ததும் "கொள்ளாம்" என்பாள். நன்றாக இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அதோடு விட்டால் புண்ணியமாகப் போகும். ஒரு மூச்சு நிறுத்தி, "ஆனா..." என்று இழுப்பாள். அந்த ஆனாவுக்குப் பயந்தே பல சாமான்களை நாங்கள் அவள் கண்ணில் படாமல் ஒளித்து வைத்திருக்கிறோம்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை, என் கணவரின் அண்ணன் மனைவி. எனக்கு ஓரகத்தி. தென்காசியில் மொட்டைக் கோபுரத்துக்குத் தெற்கே எங்கள் வீடு. ஒரே கூரை, ஒரே அடுப்பு, ஒரே மாமியார். கோபுர வாசல் காற்று தெரு முழுவதும் வரும். அந்தக் காற்றையும் ஒரு முறை அவள் "கொள்ளாம், ஆனா..." என்று ஆரம்பித்ததாக என் கணவர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அது அவராகக் கட்டிவிட்ட கதை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் சொல்லக்கூடியவள்தான்.

அவளுக்குப் பிறந்த ஊர் புளியறை. மலை ஏறுகிற லாரிகள் மூச்சு வாங்க நிற்கிற இடத்தில் அவளுடைய அப்பா சாயாக்கடை வைத்திருந்தார். மற்ற பெண் பிள்ளைகள் கோலம் போடப் பழகுகிற வயதில் இவள் லாரிக்காரர்கள் வில்பட்டை மாற்றுவதையும் நட்டு முடுக்குவதையும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சில் பாதி மலையாளம். கோலமும் சுமார்தான், புள்ளி ஒரு பக்கம் போகும், கோடு ஒரு பக்கம் போகும். அதை மட்டும் திருப்பிப் பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

அவள் பெயரை நான் இதில் எழுதப் போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாவது வந்து இந்தக் காகிதத்தையும் திருப்பிப் பார்ப்பாள்.

அவளுடைய ஆனாக்களிலேயே பெரிய ஆனா குற்றாலத்துப் பேனாக்கத்திக்குத்தான். ஐம்பதுகளில் சீசன் சமயம் ஐந்தருவிக்குப் போனவர்களுக்கு அது தெரிந்திருக்கும். மீன் வடிவத்தில் தகரப் பிடி. மீனுக்குக் கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஆணி, அந்த ஆணியில்தான் அலகு மடங்கி விரியும். விலை மலிவு. பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கி, சீசன் முடிவதற்குள் தொலைத்துவிடுவார்கள். எல்லோருக்கும் அது விளையாட்டுச் சாமான். அக்கா ஒருத்திதான் அதை மதித்துப் பேசினாள்.

மதித்து என்றால் திட்டி. நகத்தை வைத்து அலகை இழுக்க ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள், அது ஆழம் போதாது. சாம்பல் போட்டுப் பாத்திரம் துலக்குகிற பொம்பளைக்கு நகம் எங்கே மிஞ்சியிருக்கிறது என்று கேட்பாள். தகரத்தின் விளிம்பு உள்ளங்கையை அறுக்கும். சாரல் ஈரத்தில் பிடி வழுக்கும், இரண்டாம் நாளே துருப்பிடிக்கும். பாறையில் வைத்தால் கல்லோடு கல்லாகிக் கண்ணுக்குத் தெரியாது, வாலில் ஒரு சிவப்புத் துணி கட்டக்கூட ஓட்டை இல்லை. இவ்வளவையும் அவள் என்னிடம் சொன்னதில்லை. கத்திக் கடை பாயிடம் நேருக்கு நேர் சொன்னாள், வருஷா வருஷம்.

பாய் நல்ல மனிதர். தென்காசிக்காரர்தான். சீசனுக்கு ஐந்தருவி, மற்ற நாளில் சந்தை. முதல் வருஷம் அவர் சிரித்தார். அடுத்த வருஷம், தான் விற்கிறவன்தான், செய்கிறவன் எந்த ஊரில் இருக்கிறானோ என்று கையை விரித்தார். அப்படியென்றால் செய்கிறவனிடம் சொல்லுங்கள் என்றாள் அக்கா. அதற்கடுத்த வருஷம் எங்கள் தலையைக் கண்டதும் அவராகவே ஒரு கத்தியை எடுத்து நீட்டி, "ஆச்சி, இந்த வருசம் என்ன குறை?" என்று கேட்டார்.

எல்லா யோசனையும் பலித்தது என்று நினைத்துவிட வேண்டாம். துருப்பிடிக்காமல் இருக்க ஆணிக்குள் தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தாள். கார்த்திகை வரைக்கும் கத்தி வெண்ணெயாக விரிந்தது. எங்கள் எல்லோருடைய கத்தியையும் வாங்கி எண்ணெய் விட்டுத் தந்தாள். மார்கழி பிறந்தது, எண்ணெய் உறைந்து ஒரு கத்தியும் திறக்கவில்லை. அடுப்பில் காட்டித் திறக்க வேண்டியதாயிற்று. என் கணவர் அந்த மாதம் முழுவதும் தலைக்கு எண்ணெய் கேட்கும்போதெல்லாம், கத்தி எண்ணெயா தலை எண்ணெயா என்று கேட்டுக் கேட்டு அவளை வம்புக்கு இழுத்தார். அவள் கோபப்படவில்லை. தேங்காய் எண்ணெய் குளிரில் உறையும் என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், தனக்கு ஏன் தோன்றவில்லை என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தாள்.

அவளை அதிகம் கேலி செய்தவர் அவள் புருஷன். நான் அவரைப் பெரியத்தான் என்பேன். வாட்டசாட்டமான ஆள். ஜிப்பாவில் சங்கிலி கோத்த வெள்ளிப் பித்தான் போடுவார். குற்றாலத்தில் குளித்து முடித்ததும் ஈரத் தலையோடு பாறையில் சம்மணம் போட்டு உட்காருவார். கூடை நிறைய மங்குஸ்தான் இருக்கும். மங்குஸ்தானை அறுப்பது ஒரு பக்குவம். தோல் தடிமன், ஆனால் கத்தி கொஞ்சம் ஆழப் போனாலும் உள்ளே இருக்கிற வெள்ளைச் சுளை சிதைந்துவிடும். பெரியத்தான் அந்தத் தகர மீனையே வைத்துக்கொண்டு பழத்தை ஒரு சுற்றுச் சுற்றுவார், மேல்பாதி மூடி கழன்று வருவதுபோல் கையோடு வந்துவிடும். முதல் பழம் அவருடைய அம்மாவுக்கு. பிறகு எங்களுக்கு, பிள்ளைகளுக்கு. கடைசியாக அக்காவுக்கு. கொடுக்கிறபோது, "கத்தியில என்னட்டி இருக்கு? எல்லாம் கையிலதான் இருக்கு" என்பார். அவள் வாங்கிக்கொண்டு சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்ப்பதற்காகவே அவர் கடைசி வரை அவளைக் காக்க வைக்கிறார் என்று எனக்குத் தோன்றும். எனக்குக் கொஞ்சம் பொறாமையும் உண்டு, என் வீட்டுக்காரர் பழத்தைத் தான் தின்ற பிறகுதான் அடுத்தவரைப் பார்ப்பார்.

செங்கோட்டை ரோட்டில் ஒரு மரமில்லில் பெரியத்தான் வேலை பார்த்தார். தடி அளப்பதும் ஆட்களை மேய்ப்பதும் அவர் பாடு. ஒரு நாள் ரம்பத்தில் ஓடிக்கொண்டிருந்த பலகை திரும்பியது, பிடிக்கப் போனார். வலது கை மணிக்கட்டோடு போயிற்று. அதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்கு இன்றும் மனசு இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் வேறு ஆளாக வந்தார். தோளில் கிடந்த துண்டு வலது கைக்கு இறங்கிவிட்டது. எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு பின்கட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவார். கல்யாணம் காட்சிக்குப் போவதை நிறுத்தினார். கடையில் காசைக் கையில் கொடுக்காமல் பலகையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்கிறார் என்று என் கணவர் சொன்னார். வெட்கப்படுகிறார், நாளானால் சரியாகும் என்று பேசிக்கொண்டோம். அந்த ஆடியில் நாங்கள் யாரும் குற்றாலம் போகவில்லை.

அக்கா அப்போது நடந்துகொண்ட விதம்தான் யாருக்கும் பிடிக்கவில்லை. ஒரு நாள் சொந்தக்காரர் ஒருவர் மாம்பழம் கொண்டு வந்தார். புருஷனுக்கு அறுத்துக் கொடு என்று அத்தை, அதாவது எங்கள் மாமியார், சொன்னாள். அக்கா முழுப் பழத்தையும் தகர மீன் கத்தியையும் ஒரு தட்டில் வைத்து அவர் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். அத்தை கண்ணீரும் மூக்குமாக எழுந்து தானே அறுத்து ஊட்டப் போனாள். அவர் வாயைத் திறக்கவில்லை. ஒரு கை போன மனுஷனிடம் இந்தக் கொழுப்பா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுக்களைக்குள் போய் நறுக்கென்று கேட்டுவிட்டேன்.

"நான் அறுத்துக் குடுத்தா அது எங் கை" என்றாள். "அவ்வோ கை எங்கன இருக்கு?"

எனக்கு அப்போது அது விளங்கவில்லை. பைத்தியக்காரப் பேச்சு என்று நினைத்தேன். அடுத்த வாரம் அவள் செய்ததைப் பார்த்து வீடே அப்படித்தான் நினைத்தது. வலது கையை முந்தானையால் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். இடது கையாலேயே தண்ணீர் இறைத்தாள், மாவு அள்ளினாள், தோசை திருப்பினாள். ஒரு குடம் கிணற்றோடு போயிற்று. தோசைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தேசத்துப் படம். புளியமரத்தடியில் ஏதோ பிடித்துவிட்டது என்று அத்தை திருநீறு போட ஆளைக் கூட்டி வந்தாள். அக்கா நெற்றியைக் காட்டினாள், திருநீறைப் பூசிக்கொண்டாள், கட்டை அவிழ்க்கவில்லை.

மத்தியான வேளையில் கிணற்றடியில் உட்கார்ந்து இடது கையால் மட்டும் அந்தக் கத்தியைத் திறக்கப் பார்ப்பாள். அப்போதுதான் ஒன்று கண்டுபிடித்தாள். நகம் வைக்கிற பள்ளத்தை அலகின் ஒரு பக்கத்தில்தான் வெட்டுகிறார்கள், அதுவும் வலது கைக்குத் தோதான பக்கத்தில். பாய்க்கு ஆள் அனுப்பி வரவழைத்தாள். அவர் தம் பெட்டியில் இருந்த கத்திகளையெல்லாம் புரட்டிப் பார்த்தார், எல்லாம் அப்படியே. இடது கைக்காரனுக்கு யாரும் கத்தி செய்வதில்லை போலிருக்கிறது என்றார். அப்போது அவர் கண் வீட்டுக்குள்ளே போய், துண்டு போர்த்திய கையில் நின்று, திரும்பியது. அதற்குப் பிறகு அவர் அவளைக் குறை கேட்டுச் சிரித்ததில்லை. வளைந்தது, ஆணி கழன்றது என்று விற்காத கத்திகளையெல்லாம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார்.

முதலில் அலகில் நூல் வளையம் கட்டினாள், அது சிக்கிக்கொண்டது. ஊக்கை வளைத்துச் சொருகினாள், அது குத்தியது. பிறகு ஒரு நாள் பெட்டியைத் திறந்து பெரியத்தானின் வெள்ளிப் பித்தான்களை எடுத்தாள். ஒற்றைக் கையால் ஜிப்பாவுக்குப் பித்தான் போட முடியாமல் அவர் அதை மூட்டை கட்டி வைத்திருந்தார். சைக்கிள் கடையில் கொடுத்து அலகில் துளை போடச் சொல்லி, ஒரு பித்தானை அதில் இறுக்கினாள். கட்டைவிரலால் பித்தானைத் தள்ளினால் அலகு தானாக விரிந்தது. எந்தக் கையாக இருந்தாலும் சரி. சைக்கிள் டியூப் ரப்பரைப் பிடியில் சுற்றினாள், வழுக்கலும் போயிற்று, விளிம்பு அறுப்பதும் போயிற்று. நான் வாங்கித் திறந்து திறந்து மூடினேன். எனக்கே ஒன்று வேண்டும்போல இருந்தது.

அவள் திருப்பிப் பார்த்தாள். "கொள்ளாம், ஆனா..." என்றாள்.

ஆனா என்னவென்றால், கத்தியைத் திறந்துவிடலாம், பழத்தை யார் பிடிப்பது? கத்தி பிடிக்க ஒரு கை, பழம் பிடிக்க ஒரு கை வேண்டுமே. இந்த இடத்தில் அவள் ரொம்ப நாள் நின்றுபோனாள். பேச்சே குறைந்துவிட்டது. புடலங்காய் அரிந்துகொண்டே இருந்தவள் ஒரு நாள் சட்டென்று கையை நிறுத்தினாள்.

"ஏளா, நாம அருவாமணையில கத்தியவா ஆட்டுதோம்? காயத்தான ஆட்டுதோம்."

எனக்கும் உடனே புரிந்தது. அரிவாள்மணையில் அலகு நின்ற இடத்தில் நிற்கும், காலுக்கடியில் மணை இருக்கும், காய்தான் போய் வரும். காலம் காலமாக நாங்கள் செய்கிற வேலை. மீனின் வாலைத் தட்டி அகலமாக்கினாள். சம்மணம் போட்டு உட்கார்ந்து, வால் பகுதியை மடித்த முழங்காலுக்கடியில் கொடுத்தால் கத்தி அலகை மேலே காட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும். பழத்தை ஒரு கையால் எடுத்து அலகில் வைத்துச் சுற்ற வேண்டியதுதான். சொல்லப்போனால் மங்குஸ்தானுக்கு அதுதான் சரியான முறை. கத்தி ஆழப் போகாது.

இதையெல்லாம் அவள் பெரியத்தானிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இந்தாருங்க, உங்களுக்காகச் செய்தேன் என்று கொடுத்ததும் இல்லை. ஒவ்வொரு கத்தியையும் கிணற்றடி ஜன்னல் கட்டையில் வைப்பாள். அடுத்தது தயாரானதும் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பாள். அவர் கை கால் கழுவ அங்கேதான் வர வேண்டும். தொட்டாரா, திறந்து பார்த்தாரா என்று ஒவ்வொரு நாளும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். ரப்பரில் ஈரம் இருக்கிறதா என்று தடவுவாள். அந்த மனுஷன் தன் கையாலேயே ஒரு பழத்தை அறுத்து மறுபடி எல்லோருக்கும் நடுவில் உட்கார வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. கோயிலுக்குப் போனாலும் அதைத்தான் வேண்டினாள் என்று எனக்குத் தெரியும். பார்க்கப் பாவமாக இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும்.

பிறகு அது நடந்தது. நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பெரியத்தான் கிணற்றடியில் உட்கார்ந்து கட்டைவிரலால் பித்தானைத் தள்ளினார். அலகு விரிந்தது. முழங்காலுக்கடியில் கொடுத்து, மரத்திலிருந்து பறித்த கொய்யாவை இடது கையால் அலகில் சுற்றினார். பழகிய கை. நாங்கள் பார்க்காதபோது எத்தனையோ தரம் செய்திருக்கிறார். துண்டுகள் ஒரே அளவாக விழுந்தன. ஓடிப்போய் அக்காவைக் கூட்டி வரலாம் என்று திரும்பினேன். அதற்குள் என் மகள் பெரியப்பா என்று ஓடிப்போய் கையை நீட்டினாள்.

ஒரு துண்டை எடுத்தார். தன் இடது கையைப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த கொய்யா இலையில் துண்டை வைத்து, இலையை அவள் பக்கம் தள்ளினார். அவள் எடுத்துக்கொண்டு ஓடினாள். அவர் கத்தியைக் கழுவி மடக்கி ஜன்னல் கட்டையில் இருந்தபடியே வைத்துவிட்டு எழுந்தார். மிச்சத் துண்டுகள் அங்கேயே கிடந்தன.

அப்போதுதான் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து, திருநீற்றுப் பொட்டலத்தை அத்தையிடம் நீட்டினார். இருந்த ஒரே கையால்தான் நீட்டினார். வாங்க வந்த அத்தையின் கை பாதியில் நின்று, பின்னால் போயிற்று. "அங்கன வையி, எடுத்துக்கிடுதேன்" என்றாள். அத்தை பொல்லாதவள் இல்லை, மகனுக்காக உயிரை விடுவாள். நொட்டாங்கை, அதாவது இடது கை, நீட்டுவதை வாங்குவது என்றால் அவள் கை தானாகப் பின்வாங்கும், அவ்வளவுதான். எங்கள் எல்லோருடைய கையும் அப்படித்தான் வளர்ந்தது. அவர் பொட்டலத்தை அங்கே வைத்தார். அன்றையிலிருந்து எதையும் யார் கையிலும் கொடுக்கவில்லை. அக்கா அப்போது அடுக்களையில் இருந்தாள், அவளுக்கு இது தெரியாது. நானும் கொய்யா இலையைப் பார்க்கிற வரைக்கும் அதையும் இதையும் சேர்த்து நினைக்கவில்லை.

சாயங்காலம் பாத்திரம் துலக்கும்போது எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். கத்தியில் ஒரு குறையும் இல்லை, அவர் நன்றாகவே அறுக்கிறார், கொடுக்கத்தான் கை வரவில்லை என்று சொன்னேன். சாம்பல் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பொ இத்தன நாளும் நான் தப்பான சாமானையா ராவிக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

பிறகு அழுதாள். அவர் கை போனபோதுகூட எங்கள் முன்னால் அழாதவள். முகத்தைத் துடைக்கச் சாம்பல் கையைக் கொண்டுபோக, நான் என் முந்தானையால் துடைத்துவிட்டேன். எனக்கு அவள்மேல் இருந்த கோபமெல்லாம் அங்கேயே கரைந்துபோயிற்று.

அடுத்த ஆடியில் எல்லோரும் ஐந்தருவிக்குப் போனோம். பெரியத்தான் வர மாட்டேன் என்றார். அவர் வராவிட்டால் யாரும் போக வேண்டாம், பிள்ளைகளுக்கும் சொல்லிவிடுங்கள் என்றாள் அக்கா. பிள்ளைகள் அழுத அழுகையில் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார். நல்ல சாரல். ஐந்து கிளையிலும் தண்ணீர் நிறைந்து விழுந்தது. குளித்து முடித்துப் பழைய பாறையிலேயே உட்கார்ந்தோம். பாய் கடை எதிரில்தான். அக்கா கூடையை அவர் முன்னால் வைத்தாள், மடியிலிருந்து கத்தியை எடுத்துக் கூடைக்குப் பக்கத்தில் வைத்தாள். வாலில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தது.

அவர் ரொம்ப நேரம் அருவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சம்மணம் போட்டார். கத்தியை விரித்து முழங்காலுக்கடியில் கொடுத்து, ஒரு மங்குஸ்தானை எடுத்து ஒரு சுற்றுச் சுற்றினார். மூடி கழன்று வந்தது. உள்ளே ஒரு சுளைகூடச் சிதையவில்லை. வழக்கம்போல முதல் பழம் அம்மாவுக்கு. அதை அத்தையின் முன்னால் பாறையில் வைத்தார். அத்தை எடுக்கக் குனிந்தாள்.

"எடுக்காதீங்க அத்தை" என்றாள் அக்கா.

அத்தை கை அப்படியே நின்றது. நாங்கள் எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். மாமியாரைத் தடுத்துப் பேசி அவளை நான் பார்த்ததே இல்லை. அவள் பாறையில் இருந்த பழத்தை எடுத்துத் திரும்பவும் அவர் முன்னால் வைத்தாள்.

"கல்லுல வச்சத யாரும் திங்கல. கையில தாங்க."

"எந்தக் கையிலட்டி தர?" என்றார் பெரியத்தான். கை போனதைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது.

அக்கா தன் வலது கையை முந்தானைக்குள் விட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். அந்த வாரம் கட்டிக்கொண்டு திரிந்தாளே, அதே மாதிரி. இடது கையை அவருக்கு நேராக நீட்டினாள்.

"எங்கிட்டயும் இதுதான் இருக்கு" என்றாள்.

சுற்றி எத்தனையோ பேர் குளித்துக்கொண்டும் தலை துவட்டிக்கொண்டும் இருந்தார்கள். எதிரே பாய் ஒரு கத்தியைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டார். பெரியத்தான் பழத்தை எடுத்தார். அவளுடைய இடது உள்ளங்கையில் வைத்தார். அவள் விரலை மடக்கும்போது அவருடைய விரலும் அதற்குள் இருந்தது, அவர் உடனே எடுக்கவில்லை. மங்குஸ்தான் தோல்சாறு இரண்டு பேர் கையிலும் சிவப்பாக ஒட்டிக்கொண்டது.

அவர் அடுத்த பழத்தை அறுத்ததும், "எனக்கு ஒண்ணு தாலே ஐயா" என்று அத்தை இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினாள். தீர்த்தம் வாங்க ஏந்துவோமே, அந்த மாதிரி. கண்ணில் இருந்தது சாரலா என்னவென்று நான் பார்க்கவில்லை, எனக்கே கண் தெரியவில்லை.

அக்கா சுளையைத் தின்று முடித்தாள். தோலைத் திருப்பிப் பார்த்தாள். "கொள்ளாம்" என்றாள். நாங்கள் காத்திருந்தோம். ஆனா வரவில்லை.

அடுத்த சீசனில் பாய் கடையில், பித்தளைப் பித்தான் வைத்த கத்திகள் தனியாக ஒரு தட்டில் இருந்தன. அவரே செய்வித்தது, ஆச்சி கத்தி என்று சொல்லி விற்றார். கேட்டு வாங்கிப் போக இடது கைக்காரர்கள் எங்கிருந்தெல்லாமோ வந்ததாகச் சொன்னார். அக்கா ஒன்றை எடுத்துத் திருப்பினாள். கொள்ளாம், ஆனா பித்தான் ஆணிக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது என்றாள். ஆகமொத்தம் வியாதி தீரவில்லை.

அறுபதுகளின் கடைசியில் பெரியத்தான் காய்ச்சலில் போனார். அக்கா புளியறையில் தம்பி வீட்டோடு போய் இருந்தாள். ஒரு ஆடி மாதம் மங்குஸ்தான் வாங்கிக்கொண்டு அவளைப் பார்க்கப் போனேன். தலை நரைத்துவிட்டது. கூடையைத் திருப்பிப் பார்த்து அடிப்பின்னலில் ஒரு குறை சொன்னாள், எனக்கு உயிர் வந்தது. கத்தியை எடுத்துப் பித்தானைத் தள்ளினாள். இரண்டு கையும் நன்றாகத்தான் இருந்தன, ஆனாலும் முழங்காலுக்கடியில் கொடுத்து இடது கையாலேயே பழத்தைச் சுற்றினாள். அறுத்த பழத்தை இடது கையாலேயே என்னிடம் நீட்டினாள். நானும் யோசிக்காமல் இடது கையால் வாங்கினேன்.

அவளுடைய தம்பி மருமகள், புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண், வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், இது என்ன வழக்கம் என்று மெதுவாகக் கேட்டாள். அக்கா குனிந்து அடுத்த பழத்தை எடுத்தாள்.

"எங்க வீட்ல அப்படித்தான்" என்றேன் நான்.